நிலுவை: இல்லை

மார்ச் 4, திங்கள்

ஐந்து நாடுகள் ஒன்றுகூடி என் மேசையைப் பார்க்க வருகின்றன. புளுகு அல்ல, சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. ஏஐ காலத்துக்கு அரசு ஊழியர்களைத் தயார்செய்ய ஐந்து அரசுகள் கைகோத்திருக்கின்றனவாம். முதல் சோதனைக்கு எங்கள் ஓய்வூதிய அலுவலகம் அகப்பட்டது. ஒவ்வொருவரும் செய்கிற வேலையைப் படிவத்தில் விவரிக்க வேண்டும். எந்த வேலை இயந்திரத்துக்கு, எந்த ஆளுக்குப் பயிற்சி என்பது அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இருபத்தெட்டு வருடமாக இந்தப் பிரிவை ஆளும் சக்கரவர்த்தி நான். படிவத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

மார்ச் 6

படிவத்துக்குக் கடைசி நாள். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று அக்கா மகள் லீவு. என் பிரிவில்தான் இரண்டு வருடமாகத் தற்காலிகமாக இருக்கிறாள். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. விடுப்பில் இருப்பவருக்குப் பிரிவுத் தலைவர் நிரப்பலாம் என்று விதி. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? புகழ்வதில் என்னை மிஞ்ச ஈரேழு பதினாலு லோகத்திலும் ஆள் இல்லை.

‘நாளுக்கு நூறு விண்ணப்பம். பிழை கிடையாது. சந்தேகம் கிடையாது. களைப்பு கிடையாது. நிலுவை: இல்லை.’

படித்துப் பார்த்தேன். கல்வெட்டில் பொறிக்கலாம்.

மார்ச் 18

குழு வந்துவிட்டது. தலைவி ஒரு நெட்டை அம்மாள். நிலைவாசலில் குனிந்துதான் நுழைந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளர். என் பிரிவில் நிலுவையே இல்லையே என்று வியந்தார்களாம். சிரித்து வைத்தேன். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

நிலுவை இல்லாமல் எங்கே போகும்? மாதக் கடைசியில் தீராத கோப்புகளுக்கெல்லாம் ‘துணைச் சான்று தேவை’ என்று ஒரு சீட்டு வைத்து ஆவணப் பிரிவுக்கு அனுப்புவேன். ஒன்றாம் தேதி திரும்பி வரும். அவர்களுடையதை நான் வாங்கிக்கொள்வேன்; யார் கணக்கிலும் நிலுவையாக ஏறாது. அந்தப் பிரிவுத் தலைவரைச் சம்பந்தி என்றே கூப்பிடுவது — கொடுத்து வாங்குகிற உறவாயிற்றே.

மார்ச் 25

வரைவுப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். இயந்திரத்துக்கு மாறும் பணிகளில் முதல் வரியே அக்கா மகளுடையது. ஜூனுக்குப் பிறகு ஒப்பந்தம் இல்லை. காரணம்: ‘சந்தேகம் எழாத, பிழையற்ற, நிலுவையற்ற பணி.’

என் சொற்கள். என் கல்வெட்டு. புகழ்ந்து புகழ்ந்தே பிள்ளையை இயந்திரமாக்கிவிட்டேனே, பாவி.

மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். சத்தம் போடவில்லை.

“மாமா, சந்தேகப்படறதுதான் என் வேலையே. அதையா இல்லைன்னு எழுதினீங்க?”

உண்மை. பத்து விண்ணப்பத்தில் மூன்றை நிறுத்திவிடுவாள். போன மாதம் ஒரு பையன், தாயார் இறந்துவிட்டார், பாக்கித் தொகையை எனக்குக் கொடுங்கள் என்று சான்றிதழோடு வந்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இவள் பழைய கோப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். செத்துப்போனவரே எடுத்து, “யாரும்மா பேசறது?” என்றார்.

அந்தக் கோப்பு மாதக் கடைசியில் எங்கே போனது? சீட்டோடு சம்பந்தி வீட்டுக்கு.

மார்ச் 26

ஆட்சேபம் சொல்ல இன்னும் இரண்டே நாள். அவள் நிறுத்திய கோப்புகளைக் காட்டினால் போதும். காட்டினால் சீட்டுகள் வெளியே வரும். சீட்டு வந்தால் இருபத்தெட்டு வருட ‘இல்லை’யும் வரும். நான் ஓய்வு பெறப் பதினாலு மாதம். ஓய்வூதியப் பிரிவுத் தலைவனுக்கே ஓய்வூதியம் நிறுத்தி வைப்பு — நானே தயார்செய்து பழகிய உத்தரவுதான். வாசகம்கூட மனப்பாடம்.

சம்பந்தி காதைக் கடித்தார்: “நீ வாயத் தொறந்தா நானும் சேர்ந்து போவேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு.”

அக்கா போன் செய்தாள். கண்ணில் இன்னும் கட்டு. “அவளுக்கு வேலை நிரந்தரமாயிடும்தானேடா?”

ஆகும் என்றேன். சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன்.

மார்ச் 27

கூட்ட அறை வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன்.

மார்ச் 28

போய்விட்டேன். அவள் நிறுத்திய அறுபத்து மூன்று கோப்புகளையும் சீட்டோடு மேசையில் பரப்பினேன். நெட்டை அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தத் தாயாரின் கோப்பை இரண்டு முறை பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

“இத ஏன் இத்தனை நாள் மறைச்சீங்கன்னு கேக்கறாங்க,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வானம் இடியும்படி ஒரு உரை தயாரித்திருந்தேன். வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: “பயம்தாம்மா.”

அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். “அவங்க ஊர் ஆபீஸ்லயும் மாசக் கடைசியில இப்படித்தானாம். சீட்டு மட்டும் நீல நிறமாம்.”

பக்கத்தில் எங்கள் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. சீட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் கோப்பைப் பெற்றுக்கொண்டதற்குச் சம்பந்தியின் கையெழுத்து.

ஏப்ரல் 15, திங்கள்

பயிற்சி தொடங்கியது. அக்கா மகள் பெயர் இப்போது இயந்திரப் பட்டியலில் இல்லை, இதில் இருக்கிறது. ஐந்து நாட்டுக்கும் சேர்த்து ஒரே பாடம்: இயந்திரம் சரி என்று அனுப்பிவிடுவதில் எதை நிறுத்துவது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். அக்கா மகள் திரையைக் காட்டி ஏதோ மறுத்துச் சொல்கிறாள். நெட்டை அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்.

இடைவேளையில் வெளியே வந்தாள். மூன்று வாரமாகக் கோப்பைத் தவிர என்னிடம் பேச்சில்லை.

“விசாரணை பதினோரு மணிக்குத்தானே மாமா? உள்ளத மட்டும் சொல்லுங்க. ஜோடனை வேணாம்.”

மூன்றாவது மாடி. அறை வாசலில் ஒரே பெஞ்சு. நடுவில் சம்பந்தி. என்னைப் பார்த்தார், நகர்ந்து இடம் விடவில்லை.

நின்றபடியே எழுதுகிறேன். உள்ளே முதலில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை.