ஃபிளக்ஸில் ஏழு ஓட்டைகள்

மே 19, திங்கள்

காலையிலிருந்தே காற்று. பாம்பனில் காற்று என்று எழுதுவது, கருவாட்டில் நாற்றம் என்று எழுதுவது மாதிரி. இருந்தாலும் எழுதுகிறேன், காரணம் உண்டு: கூம்பு ஸ்பீக்கர் கழன்று ஆட்டின் மேல் விழுந்தது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை. ஸ்பீக்கருக்குத் தொண்டை போய்விட்டது.

வேலைகள்: ஆம்ப்ளிஃபயருக்கு பியூஸ். வீட்டுக்காரி மலருக்கு முட்டிவலித் தைலம். ஏணிக்கு உடைந்த படி.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோரம் வரிசையாக, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி சும்மா. ஊரில் யாரிடமும் காசில்லை, எல்லோரிடமும் நேரமிருக்கிறது. காலேஜ்காரர்கள் பணம் கேட்பது சரியாக இப்போதுதான்.

மாலை, படிப்பு நிதிக் கூட்டம். நூர்ஜகான் டீச்சர் தலைமை (ஆள் ரிட்டயர்டு, குரல் இன்னும் சர்வீஸில்). இந்த வருடம் ஏழு பிள்ளைகள். மூத்தவள் வினோதினி, இனி வி. பிளஸ் டூ முடித்து ராமநாதபுரத்தில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் சீட் வேறு ஆளுக்கு. தகப்பன் மூன்று வருடம் முன் கடலுக்குப் போனவர், வரவில்லை. அம்மா நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிறாள்.

ஏழு பேருக்கும் முழுப் பணமும் சம்மாட்டியே தருகிறாராம். மூன்று விசைப்படகுக்குச் சொந்தக்காரர். நிபந்தனை: ஞாயிறன்று மேடை, பஸ் ஸ்டாண்டில் ஃபிளக்ஸ், பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி நன்றியுரை. படகுச் சங்கத் தேர்தல் வருகிறது. எதிர்த்து நிற்பது சொந்த மச்சான். சம்மாட்டி மனசு திடீரென்று இளகியதன் பூகோளம் இதுதான்.

மைக்செட் நான். அறிவிப்பும் நான். ‘சரி’ என்று முதலில் தலையாட்டியதும் நான்.

மே 20, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டில் ஃபிளக்ஸ் ஏறிவிட்டது. மேலே சம்மாட்டி, கைகூப்பி, ஒரு வள்ளத்தின் நீளத்துக்கு. கீழே ஏழு வட்டம், ஏழு பிள்ளை முகம். அடியில் ‘உதவி பெறும் ஏழைச் செல்வங்கள்’. வி. படத்துக்குக் கீழே மட்டும் கூடுதலாக, ‘தந்தையைக் கடலில் பறிகொடுத்தவர்’.

டீக்கடையில் ஒருவர்: “பாவம், கண்ணுலயே சோகம் தெரியுது பாரு.” அது சோகமில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு யாரைப் படமெடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். என் ஆதார் படத்தைப் பார்த்தால் ஊரே நிதி திரட்டும்.

மதியம் வி. கடைக்கு வந்தாள். உட்காரவில்லை. என் அறிவிப்புக் குரலிலேயே பேசிக் காட்டினாள்: “கடலன்னை தகப்பனைக் கொண்டாள், கல்வியன்னை கைகொடுப்பாள்...” போன வருடம் இன்னொரு பிள்ளைக்காக நான் விட்ட சரக்கு. பின்னணி நாதஸ்வரத்தையும் வாயாலேயே வாசித்தாள். என்னைவிட நன்றாகச் செய்தாள் பாவி. காது சுட்டது.

பிறகு, ஏணி வேண்டும் என்றாள். எதற்கு என்றேன். பஸ் ஸ்டாண்டில் பல்பு மாட்ட என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் இவளுக்கு என்ன பல்பு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. தூக்கிப் போனது நான், கீழே பிடித்து நின்றதும் நான். ஒரு படி உடைந்திருக்கிறதே, விழுந்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சி.

பட்டப்பகல். இரண்டு பஸ் நிறைய ஜனம். அம்மாவின் நண்டுக் கத்தியை எடுத்துத் தன் வட்டத்தை அழகாக அறுத்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். இறங்கும்போது சொன்னாள்:

“எங்க அய்யா படத்த நாங்க வீட்டுலயே மாட்டல மாமா. அம்மா இன்னும் வருவாருன்னு இருக்கு. இவுக பஸ் ஸ்டாண்டுல எழுதி மாட்டிட்டாக.”

ஏணியைத் திரும்பத் தூக்கி வரும்போது கனமாக இருந்தது. வயசு.

மே 21, புதன்

காலை எட்டுக்கு ஒரு பிள்ளை. “ஏணி வேணும், பல்பு மாட்டணும்.” எட்டரைக்கு இன்னொன்று. பத்துக்குள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஊரில் இவ்வளவு இருட்டா என்று மலர் கேட்டாள். கடைசிப் பொடியன் இரண்டாம் வகுப்பு, கை எட்டவில்லை. அவனுக்கு நான்தான் அறுத்துக் கொடுத்தேன். கோணல்.

மதியம் சம்மாட்டி கடை வாசலில். “ஏணி எவன்லே குடுத்தது?” ஏணி பஸ் ஏறப் போயிருக்கும் என்றேன். சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவர் என்றுமே ரசிகரில்லை.

தீர்ப்பு இது. ஞாயிறு மேடையில் ஏழு பேரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் பணம். இல்லாவிட்டால் கிடையாது. எனக்குத் தனித் தீர்ப்பு: அவர் மகள் கல்யாணத்துக்கு என் மைக்செட் வேண்டாம். அந்தக் கல்யாணத்தை நம்பி மலருக்கு மிக்ஸி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். சொன்னேன். மலர் அம்மியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “ரெண்டும் பழசுதான், ஓடட்டும்” என்றாள்.

பிள்ளைகள் யாரும் மேடை ஏற மாட்டோம் என்கிறார்கள். வி. நாளையிலிருந்து அம்மாவோடு நண்டுக் கம்பெனிக்குப் போகிறாளாம். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை.

மே 23, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் வேடிக்கை. ஃபிளக்ஸை இறக்கினால் தன் முகமும் இறங்குமே என்று சம்மாட்டி விட்டுவைத்திருக்கிறார். ஃபிளக்ஸுக்குப் பின்னால் மதில் ஏறி, ஓட்டைகளில் முகத்தை நுழைத்து ஊரே செல்ஃபி எடுக்கிறது. சம்மாட்டிக்குக் கீழே பார்பர், ஆட்டோக்காரர். ஒரு கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். பாங்க் ஆபீசர் ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு.

அங்கேயே நின்று யோசித்தேன். இந்த ஊரில் முகம் காட்டக் கூசுவது அந்த ஏழு பேர் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் ஆசை. ஆசையிருப்பவன் காசு கொடுக்கட்டும்.

மைக்செட்டுக்கு முன்னால் நான் கரையில் மீன் ஏலம் கூறியவன். கோயிலில் எலுமிச்சம்பழம் ஏலம் போகும் விலை எனக்குத் தெரியும். அது பழத்தின் விலையில்லை, பக்கத்து வீட்டுக்காரன் மேலுள்ள வயிற்றெரிச்சலின் விலை.

டீச்சரிடம் சொன்னேன்: ஓட்டைகளை ஏலம் விடுவோம். எடுத்தவர் முகம் அதில் ஒட்டப்படும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். இது ஹலாலா ஹராமா என்று யோசிக்க வேண்டும் என்றார். டீயை முடித்தார். “யோசிச்சுட்டேன். நடத்துங்க.”

மே 25, ஞாயிறு

மேடை கிடையாது, பஸ் ஸ்டாண்டிலேயே ஏலம். வெயில், காற்று, ஆட்டோ மேல் ஸ்பீக்கர். தொண்டை போன அதே ஸ்பீக்கர். நல்ல கூட்டம், தடைக்காலம் வாழ்க.

முதல் வட்டம் டீக்கடைக்காரருக்கு. இரண்டாவது துபாயிலிருந்து லீவில் வந்தவருக்கு, மாமியார் பார்க்க வேண்டுமாம். மூன்றாவது, சம்மாட்டியின் கன்னத்துக்கு நேர் கீழே. அப்போது வந்தார் தேர்தல் மச்சான், சலவைச் சட்டை. விலையைக் கேட்டதும் இரட்டிப்பாக்கினார். அடியில் ஏழைச் செல்வம் என்று எழுதியிருக்கிறதே என்று நினைவூட்டினேன்.

“எழுதியிருக்கட்டும். அவுக பக்கத்துல நான் பல்லக் காட்டணும், அம்புட்டுத்தான்.”

எதிரே பழக்கடையில் ஒருவர் அரை மணி நேரமாக ஒரே சீப்பு வாழைப்பழத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கை தூக்கினார். சம்மாட்டி.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை, எண்களைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். வட்டம் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. நாலும் சம்மாட்டிக்கே. யார் முகம் ஒட்ட என்று கேட்டேன். “எவன் முகமும் வேணாம். காலியாக் கெடக்கட்டும்.” மச்சானுக்கு முகம் வேண்டியிருந்ததா, விலையை ஏற்றிவிடுவதுதான் வேண்டியிருந்ததா, தெரியாது. தோற்றவர் சிரித்துக்கொண்டே இருந்தார். டீச்சர் வசூல் டப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். ஏழு பேருக்கும் போதும்.

ஏழாவது, வி.யின் வட்டம். இருவர் கையும் மேலே. இதை மட்டும் எப்படிக் கூறுவது என்று நின்றேன்.

கூட்டத்தைப் பிளந்து வி. வந்தாள். கையில் நண்டு வாசம். மூன்று நாள் கூலியை மடித்தபடி நீட்டினாள்.

“இது என்னோடது மாமா. கூறுங்க.”

மச்சான் கை முதலில் இறங்கியது. சம்மாட்டி அண்ணாந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். அதில் வானம் தெரிந்தது. பிறகு அவர் கையும் சட்டைப் பைக்குள் போனது.

ஒரு தரம். ரெண்டு தரம். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஸ்பீக்கர்தான், ஆட்டின் மேல் விழுந்ததிலிருந்தே அப்படி.

ஜூன் 2, திங்கள்

பேய்க்காற்று. பஸ் ஸ்டாண்டில் காதுகுத்து ஃபிளக்ஸ் கிழிந்தது, நகைக்கடை ஃபிளக்ஸ் பறந்தது. நம்முடையது அப்படியே நிற்கிறது. ஓட்டை இருந்தால் காற்று நுழைந்து போய்விடும், கிழியாது என்கிறார் ஃபிளக்ஸ் அடித்தவர். ஆக, சம்மாட்டி முகத்தைக் காப்பாற்றுவது அந்தப் பிள்ளைகள் போட்ட ஓட்டை. இதை அவரிடம் சொல்ல ஆளனுப்பலாமா என்று பார்க்கிறேன். கல்யாணம்தான் போய்விட்டதே, இனி என்ன.

வி. காலை பஸ்ஸில் ராமநாதபுரம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வாளி. அம்மா வாளியைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். பஸ் நகரும்போது ஜன்னலில் தலை.

“மாமா, என் ஓட்டைய எவனும் ஒட்டிறாமப் பாத்துக்கங்க.”

பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. ஏணிக்குப் படி, நாளைக்காவது.