ரேவதி சிரிக்கும் மூன்று செகண்ட்

3.10, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மாடி ரூமின் கிழக்குச் சுவர் முழுக்க ஈரம். ஸ்பீக்கர் இரண்டையும் இழுத்து நடுவில் வைத்தேன். இன்று: தியாகதுருகம் கல்யாண வீடியோ (முகூர்த்தம் மட்டும் பாக்கி). ஹெட்போன் வயர் சால்டரிங். அம்மாவுக்கு முட்டி வலித் தைலம்.

கொள்ளியிடமிருந்து மெசேஜ். சென்னை ராப்பர் கொள்ளியேதான். "பஸ் பீட்டு கேட்டேன் மஞ்சு. மூணு நாளா காதுல அதான் ஓடிக்கினு கீது. ஃபுல்லா அனுப்பு. அடுத்த ஆல்பம் மொத்தமும் நீதான் பண்ற."

மெசேஜை நாலு தடவை படித்தேன். 

பஸ் பீட்டு: கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் பஸ், கொண்டை ஊசி வளைவில் ஃபர்ஸ்ட் கியரில் முக்குமே, அந்தச் சத்தம். அதைச் சுருதி இறக்கி, அடியில் ஓடும் பேஸ் ஆக்கியிருந்தேன். டிரம் கிடையாது. அதற்குப் பதில் அரிசி மில்லில் மூட்டை விழும் சத்தம், அதுவும் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விழும். நடுவிலிருந்து இருபது செகண்ட் மட்டும் ஆன்லைனில் போட்டிருந்தேன். நாலு வருஷமாக எதைப் போட்டாலும் எல்லோரும் கேட்பது, டிரம் எங்கே? அம்மா இன்னும் ஒரு படி மேல்: "இன்னாடி இது, வெள்ளிமல பஸ்ஸுல போற மாதிரியே இருக்குது. இதுக்கு டிக்கெட்டு எடுத்துக்கினு பஸ்ஸுலயே போய்ட்டு வந்துடலாம்."

டிரம் எங்கே என்று கேட்காத முதல் ஆள் கொள்ளி.

முழு பீட்டையும் அனுப்பிவிட்டேன். பல்கூட விளக்கவில்லை. யோசிக்காமல் அனுப்பினேன் என்று எழுதினால் பொய். யோசிக்க ஆரம்பிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் அனுப்பினேன்.

தைலம் மறந்துவிட்டது.

4.10, சனி

நேற்று ரேவதி பேரை எழுதவில்லை. வேண்டுமென்றே. இன்று எழுதிவிடுகிறேன்.

ரேவதி காலேஜில் மூன்று வருஷம் என் பக்கத்து இடம். படித்து முடித்துப் பாடச் சென்னை போனாள். கொள்ளியின் பாட்டுகளில் வரும் பெண் குரல் அவளுடையது, பேர் போட மாட்டான். இரண்டு வருஷம் அவனோடு இருந்தாள். போன வருஷம் ஸ்டுடியோவில் சண்டை. அவள் கை நிலைச்சட்டத்தில் இருக்கும்போதே கதவை அறைந்து சாத்தினான். இடது கை மோதிர விரல் இன்னும் முழுசாக மடங்காது. நடந்ததை ஆன்லைனில் எழுதிப் போட்டாள். அவன் ரசிகர்கள் கூட்டமாக வந்து அவளைக் காறித் துப்பினார்கள். அவன் மூன்று வரி எழுதினான், இரண்டு பேருமே கோபத்தில் இருந்தோம் என்று. அவ்வளவுதான், முடிந்தது. இப்போது உளுந்தூர்பேட்டையில் ஹைவே ஓட்டல் ஒன்றில் கல்லாவில் உட்காருகிறாள். பாடுவதில்லை.

நான் அப்போது செய்தது: அவள் எழுதியதைப் பகிர்ந்தேன். மறுநாள் காலை எடுத்துவிட்டேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் ரெடியாக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ரேவதியும் கேட்கவில்லை.

வேலை செய்யும் இடத்தில், குமார் அண்ணனிடம் (வீடியோ கடை ஓனர்) சும்மா யாருக்கோ நடப்பது போலக் கேட்டேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, "பாட்டு வேற, ஆளு வேற மஞ்சு. நம்ம கல்யாணத்துக்கு கேமரா தூக்கிக்கினு போறோமே, மாப்ள யோக்கியனான்னு விசாரிச்சிட்டா போறோம்? தொழிலு" என்றார்.

சரிதான் என்று தலையாட்டிவிட்டு எடிட்டிங்கில் உட்கார்ந்தேன். தியாகதுருகம் கல்யாணத்தில் பொண்ணு ஒரு இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. பக்கத்தில் மாப்பிள்ளை ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான். வழக்கம்போல வெட்டினேன். மேளத்தை மேலே ஓட்டினேன். வெட்டின இடம் யாருக்கும் தெரியாது. அதில் நான் கெட்டிக்காரி.

5.10, ஞாயிறு

முதல் பஸ்ஸில் வெள்ளிமலை. மலையிலிருந்து புதுசாக ஏதாவது சவுண்ட் கேட்டிருந்தான் கொள்ளி. பனி. ஜன்னல் மூடாது. ஸ்வெட்டர் எடுத்துப் போகாதது முட்டாள்தனம்.

ரோட்டிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். பாறைமேல் சாமைக் கதிரைப் பரப்பி மூன்று பெண்கள் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். டப், டப், அப்புறம் கொஞ்சம் பிந்தி ஒரு டப். மூன்றாவது அடி அவர்களில் பெரியவருடையது. எல்லாத் தடவையும் பிந்தியே விழுந்தது. எனக்கு வேண்டியது அந்த மூன்றாவது அடிதான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தால் அது வராது.

கேட்டுக்கொண்டுதான் மைக்கை வைத்தேன். அது என் வழக்கம், யாருடைய சத்தமாக இருந்தாலும்.

"எதுக்கும்மா புடிக்கிற?" என்றார் பெரியவர்.

"பாட்டுக்குங்க."

"யாரு பாடறது?"

"மெட்ராஸ்ல ஒருத்தரு."

"உனுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியும்."

"நல்ல மாதிரியா?"

ரெக்கார்டர் பட்டனைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார். ஏழு நிமிஷம் கிடைத்தது. கிளம்பும்போது ஒரு கை சாமை கொடுத்தார்கள், துப்பட்டாவில் முடிந்துகொண்டேன்.

மலையில் சிக்னல் இல்லை. கச்சிராயபாளையம் நெருங்கும்போது போன் உயிர்பெற்றுத் துடித்தது. கொள்ளியின் வாய்ஸ் மெசேஜ். "மஞ்சு! ஆரம்பத்துல ஒரு பொண்ணு சிரிக்குது பாரு, மெர்சலு! அத எட்து ஹூக்குல திருப்பித் திருப்பி லூப் போட்டுட்டேன். யாரு அது? யாரா இருந்தா இன்னா, சும்மா அள்ளுது."

இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

6.10, திங்கள்

வெயில். குமார் அண்ணனிடம் காய்ச்சல் என்றேன்.

நடந்த தப்பு இது. பீட்டு செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் பீட்டின் ஆரம்பத்தில் ஒரு முத்திரைச் சத்தம் வைப்போம், இது யார் செய்தது என்று தெரிவதற்கு. டேக் என்போம். என்னுடைய டேக் ரேவதியின் சிரிப்பு. மூன்று செகண்ட். காலேஜ் முடித்த வருஷம் இதே மாடி ரூமில் பதிவு செய்தது. புது ஃபைல் திறந்தாலே முதல் வரியில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்படி செட் செய்து வைத்திருக்கிறேன். கேட்டுக் கேட்டு அது என் காதில் விழுவதே நின்றுபோயிற்று, ஃபேன் சத்தம் போல. வெள்ளிக்கிழமை அவசரத்தில் அதோடு சேர்த்து அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் கையை நசுக்கியவனுக்கு அவள் சிரிப்பை.

அவனுக்கு அது யார் என்று தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இரண்டு வருஷம் கூட இருந்தவன். தெரிந்துகொண்டே திமிராக வைத்திருந்தால் நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு விலகியிருப்பேன். ஒருவேளை அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லையோ?

அவன் பாடி அனுப்பிய ரஃப் பதிவைக் கேட்டேன். பஸ் முக்குகிறது, மூட்டை விழுகிறது, சிரிப்பு வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுச் சுற்றுகிறது, நடுவில் இவன் மூச்சே விடாமல் பேசுகிறான். அருமையாக இருக்கிறது. நாசமாய்ப் போக, அருமையாக இருக்கிறது. என் பீட்டுக்கு இப்படி ஒரு குரல் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

என்ன செய்யலாம்:
1. வாயை மூடிக்கொண்டிருப்பது.
2. டேக் இல்லாமல் மறுபடி அனுப்பி, இதைப் போடு என்பது.
3. ரே.யிடம் சொல்லிவிடுவது.
4. பீட்டே கிடையாது என்பது.

இரண்டுதான் நல்ல வழி என்று முடிவு. நாளை.

அம்மா களை எடுத்துவிட்டு வந்து, துப்பட்டா முடிச்சை அவிழ்த்துப் பார்த்து, "ஏதுடி சாமை?" என்றாள். கஞ்சி காய்ச்சினாள். பாதியில் வைத்துவிட்டேன்.

7.10, செவ்வாய்

நாளை என்று எழுதினேன் அல்லவா. காலை ஒன்பதுக்கே அவன் பாட்டில் முப்பது செகண்டை வெளியிட்டுவிட்டான். "விரைவில்" என்று போட்டு, என் பேரையும் போட்டிருந்தான். கள்ளக்குறிச்சி மஞ்சு. ரேவதிக்குக் கடைசிவரை போடாத பேர்.

பதினொன்றேகாலுக்கு ரேவதி போன். அவள் கூப்பிட்டு ஆறு மாசம் இருக்கும். எடிட்டிங் ரூமுக்கு வெளியே படிக்கட்டில் நின்று எடுத்தேன்.

"மஞ்சு. இங்க பரோட்டா மாஸ்டர் போன்ல பாத்துக்கினு இருந்தாரு. நான் சிரிக்கிறேன். மேல அவன் பாடிக்கினு இருக்கறான். அது நான்தான?"

"ஆமா ரே."

"நீயா குட்த்த?"

"டேக்கு அதுல இருந்தது எனக்குத் தெரியாம போய்டுச்சிடி. சத்தியமா."

"சரி. அவனுக்கு பீட்டு குட்த்தது? அதுவும் தெரியாம போய்டுச்சா?"

பின்னால் யாரோ பில் கேட்டார்கள். வைத்துவிட்டாள். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். குமார் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னும் காய்ச்சலா?" என்றார்.

8.10, புதன்

உளுந்தூர்பேட்டை. லீவு சொல்லவில்லை, கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டே போனேன். ஓட்டல் வாசலில் எல்லாம் மறந்துவிட்டது.

இளைத்திருக்கிறாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். பில்லுக்கு நடுவில் நடுவில்தான் பேச்சு.

"நாலு பரோட்டா ரெண்டு ஆம்லேட்டு, அந்தாண்ட குடுங்க. டீ சாப்ட்றியாடி?"

"ரே, பாட்ட நிறுத்தச் சொல்லட்டுமா? நீ சொல்லு, இப்பவே சொல்றேன்."

சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ நிறுத்தினா, ரேவதியாலதான் என் சான்ஸ் போச்சுன்னு நாளைக்கு உனுக்குத் தோணும். தோணாதா? அதையும் என் தலைல ஏத்தாத. உன் பாட்டு, நீ பாத்துக்க."

ரப்பர் பேண்டைப் பணக்கட்டில் மாட்டும்போது அந்த ஒரு விரல் மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தது. பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது, "அன்னிக்கு புட்ச்சது முழுசா வச்சினு இருக்கியா? அந்த மூணு செகண்டு இல்ல. முழுசா" என்றாள்.

"இருக்கும்."

"அனுப்பு. நேத்துலேர்ந்து யோசிச்சிக்கினே இருக்கறேன். எதுக்கு அப்டி சிரிச்சேன்னு ஞாபகமே வரல."

9.10, வியாழன்

மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. பத்து மணிக்கு கொள்ளிக்குப் போன் போட்டேன். அந்தச் சிரிப்பு யாருடையது என்று சொன்னேன்.

"அட, அவளா? சத்தியமா தெர்ல மஞ்சு." குரல் இறங்கியிருந்தது. மனுஷன்தானே, இப்போது ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால்கூட நான் இளகியிருப்பேன் என்று நினைக்கிறேன். என்னை எனக்குத் தெரியும்.

"சரி வுடு. தூக்கிட்லாம். வேற எதுனா பொண்ண சிரிக்க வச்சி போட்டுக்கலாம். இதுக்கு போய் இன்னாத்துக்கு டென்சனு."

பீட்டு கிடையாது, போட்டதை எடுத்துவிடு என்றேன். குரல் பிசிறியது. இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

"யோசிச்சி பேசு மஞ்சு. கள்ளக்குறிச்சில குந்திக்கினு பஸ்ஸு சத்தத்த புட்ச்சினு கீற. என்ன வுட்டா உன்ன எவன் தேடி வருவான்?"

வைத்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டான். மனசு மாறி இல்லை, மறுபடியும் பேச்சாகிவிடும் என்ற பயம். குமார் அண்ணன் கேள்விப்பட்டு, "லூசா நீ?" என்றார். தைரியமாகச் செய்தது போல எதுவும் தோன்றவில்லை. சோறு போட்டுக்கொண்டு அழுதேன். அம்மா மோர் ஊற்றினாள்.

10.10, வெள்ளி

ஏழு மணி. வானம் வெளிவாங்கியிருக்கிறது.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த ரெக்கார்டிங் கிடைத்தது. நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட். டேக் வெட்டி எடுத்த பிறகு இதை ஒரு தடவைகூட நான் திறந்ததில்லை.

முதலில் வருவது என் குரல். "ம், சிரி." சிரிக்கிறாள். "இன்னொரு வாட்டி." சிரிக்கிறாள். "இப்டி இல்ல, நிஜமா சிரிக்கிற மாதிரி." "மூச்சு வுழுது, தள்ளி நில்லு." "இன்னும் சத்தமா." பதினோரு தடவை எண்ணினேன். பதினோரு தடவையும் பொய்ச் சிரிப்பு, வரவர மெலிந்துகொண்டே போகிறது. "வவுறு வலிக்குதுடி, போதும்." "ஒண்ணே ஒண்ணு ரே." "தொண்ட காஞ்சி போச்சி." "ஒண்ணே ஒண்ணு." அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததாக எங்கும் இல்லை.

கடைசியில் ஸ்டூலைத் தள்ளுகிற சத்தம். "மாட்டேன் போ" என்கிறாள். சொல்லி முடித்த உடனே, விட்டது தொல்லை என்பது போல வாய்விட்டுச் சிரிக்கிறாள். நான் வைத்திருக்கும் மூன்று செகண்ட் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த "மாட்டேன் போ"வை நான்தான் வெட்டியிருக்கிறேன். வெட்டின இடம் தெரியவேயில்லை.

நாலு வருஷமாக எல்லா பீட்டுக்கும் தலையில் அதைத்தான் வைத்தேன்.

அனுப்புவதற்கு முன் கை தானாக என் குரல் வரும் இடங்களைக் குறிக்கப் போனது. எடுத்துவிட்டேன் கையை. என் குரலோடு, "மாட்டேன் போ"வோடு, வெட்டாமல் அனுப்பினேன்.

டிக் இரண்டும் நீலம். கேட்டு முடிக்க நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட் ஆகும். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.