ஏழாம் கேள்வி

அன்பும் பொறுமையும் மிக்க என் மனைவிக்கு,

வந்து ஐந்து நாள் ஆகிறது. உடம்புக்குக் குறைவில்லை. மற்றதைத் தொலைபேசியில் சொன்னால் நீ இடைமறிப்பாய், நான் நழுவிவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். சக பொறியாளர் ஒருவர் நாளை விமானத்தில் கொண்டுவருகிறார். மகள் பள்ளிக்குப் போன பிறகு படி.

நீ கேட்டவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுவதும் சரிவு. கீழ்த்தெருவுக்கும் மேல்தெருவுக்கும் இடையே இருநூற்றுப் பதினெட்டுப் படிகள். ஏற முடியாதவர்களுக்காகப் பொது லிஃப்டுகள் மூன்று உண்டு. அவற்றைப் பரிசோதிப்பதே எனக்குத் தரவிருக்கும் வேலை. மூன்றிலும் ஏறி இறங்கினேன். ஒன்றில் மட்டும் கதவு அரை நொடி தாமதமாக மூடுகிறது. பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். மருத்துவமனை சிறியது, ஆனால் சுத்தமானது. மகளின் இளைப்புக்கு இதைவிட நல்ல காற்று கிடைக்காது. துவைத்த துணி காய இரண்டு நாள் ஆகுமாம். நீ இப்போதே முணுமுணுக்கத் தொடங்கியிருப்பாய்.

வீடும் பார்த்தேன். மாடியில் இரண்டு அறைகள்; கீழே சமையலறையை ஒட்டி ஓர் அறை. அதன் ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர் வருகிறவரோடு உட்கார்ந்தபடியே பேசலாம். இது யாருக்கு என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். சாமான் போட என்றேன். வெயில் விழும் அறையில் யாராவது சாமான் போடுவார்களா என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அண்ணனைப் பற்றி உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

நிறுவனத்தின் படிவத்தில் குடும்பம் என்றால் மனைவியும் மக்களும் மட்டுமே, கல்யாணமாகாத அண்ணன் நம்மோடே இருந்தாலும் விதி இடம் தரவில்லை என்றேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ரூல் புக்கையே கட்டிக்கிட்டிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?" என்றாய். அண்ணன்தான் குறுக்கே வந்து, "விடும்மா, மலை ஏறினா எனக்குக் காது அடைக்கும். சண்டை போடாம பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்று மழுப்பினார். அதையே அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று அலுவலகத்தில் படிவத்தை நீட்டினேன். எழுத்தர் பெண் அதைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்தில் ஏழாம் கேள்விக்குப் பதில் இல்லையே, உங்கள் பராமரிப்பில் உடன் வாழ்பவர் எவருமில்லையா என்று கேட்டாள். இருந்தால் எழுதலாம், மேலதிகாரி முடிவுசெய்ய ஒரு பருவம் கடந்துவிடும், அதுவரை வேலை உத்தரவு வராது, மறுக்கவும் கூடும் என்றாள்.

அந்தக் கேள்வியை நேற்றுத்தான் கண்டேன் என்று எழுதியிருக்கலாம்; நீயும் நம்பியிருப்பாய். ஆனால் இருபத்தாறு ஆண்டுகளில் எந்தத் தாளையும் இரு பக்கமும் வாசிக்காமல் நான் கையொப்பமிட்டதில்லை. சான்றிதழின் பின்பக்கத்தைப் பார்க்கத் தவறும் உதவியாளர்களை நான் படுத்தும் பாடு உனக்குத் தெரியும். ஏழாம் கேள்வியை நம் சாப்பாட்டு மேசையிலேயே வாசித்தேன். வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்துவைத்தேன். விதி இடம் தந்தது. நான்தான் தரவில்லை.

மகளின் இளைப்பைக் காரணமாகச் சொல்ல நினைத்தேன். அதுவும் முழு உண்மையன்று. நிறுவனத்தார் நம் வீட்டுக்கு வந்த நாளில் அண்ணனைச் சினிமாவுக்கு அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? அவர் உரக்கப் பேசுவார். வந்தவரின் காலரைத் தொட்டு, "இதை யாருங்க தச்சது, இப்படிக் கோணலா?" என்பார். தையற்காரரின் கை சும்மா இராது. முன்பின் தெரியாதவரிடமெல்லாம் என் தம்பி இன்ஜினியர் என்பார். அதைக் கேட்காத ஒரு தெருவில் நடக்க ஆசைப்பட்டேன். எழுதும்போதே கூசுகிறது. என்னை இன்ஜினியராக்கியது அவருடைய தையல் இயந்திரம்தான்.

படிவத்தைத் திரும்ப வாங்கிவந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவரைச் சேர்த்தால் வேலை கைநழுவலாம். மகள் இன்னொரு தூசிக் காலத்தை அங்கேயே மூச்சிரைத்துக் கழிக்க நேரலாம். இதைத் தனியாக முடிவுசெய்யும் தகுதியை நான் இழந்துவிட்டேன். நீ சொல்.

முதலில் அண்ணனிடம் கேள். உடனே வேண்டாம் என்பார், அதை ஏற்காதே. சோறு போட்டுவிட்டு மறுபடி கேள், சாப்பிடும்போது அவருக்குப் பொய் வராது. நான் தாளைக் கவிழ்த்துவைத்ததை மட்டும் சொல்லாதே. அதை அவர் முன் நின்று நானே சொல்ல வேண்டும்.

வருகிறேன் என்றால், அவருடைய பிறந்த தேதியை அவரிடமே கேட்டு எனக்குத் தெரிவி. நேற்று மாலை அந்த இடத்தை நிரப்பப் பேனாவைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
அவர் தம்பி