கிழக்கு மூலையில் நாலு விரல்

மார்ச் 4, செவ்வாய்

நீச்சல் குளத்துக்கு மூடி வந்துவிட்டது. காலையில் லாரி வந்தது, மாலை நாலு மணிக்குள் எல்லாம் முடிந்தது. குளத்தின் ஒரு முனையில் பெட்டி, அதற்குள் உருளை, உருளையில் சுருட்டிய நீலத் துணி. சாவியைத் திருப்பினால் துணி இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் ஓடி மறுகரைக்குப் போய் நிற்கிறது. நாற்பது விநாடி. இவர் திறந்து மூடி, திறந்து மூடி, பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி.

எல்லாரும் போன பிறகு தனியாகப் போய்ச் சுற்றிப் பார்த்தேன். கிழக்கு மூலையில் துணி கரையைத் தொடவில்லை. கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் தாராளமாகப் போகிறது.

அதுவும் படிக்கட்டுப் பக்கம்.

மார்ச் 5, புதன்

இவரிடம் காட்டினேன். "இதுல பூனைகூடப் போகாது" என்றார். பூனைக்காகவா இவ்வளவு செலவு பண்ணினோம்?

அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கம்பெனிக்குப் போன் போட்டார்.

மார்ச் 6, வியாழன்

ஃபிட்டர் வந்தார். வயதானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறார். குளத்தின் நாலு மூலையிலும் குறுக்கு மறுக்காக நூல் பிடித்து அளந்தார், ஒன்றுக்கு இரண்டு தடவை. பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "மேடம், மூடி நேராத்தான் இருக்கு. உங்க குளந்தான் கோணல்."

இவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பதினோரு வருஷமா நேரா நீந்தறோம்னு நினைச்சிட்டு இருந்தேனே!"

துணியின் முன்முனையில் இருக்கும் கம்பியை மாற்ற வேண்டுமாம். கரை சாய்ந்திருக்கிற அளவுக்குக் கம்பியையும் சாய்த்து வெட்டினால் பொருந்திவிடும். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார்.

கிளம்பும்போதுதான் சாவி சுவிட்சைப் பார்த்தார். "இத யாரு சமையலறைக்குள்ள வைக்கச் சொன்னது?"

"நான்தான். கைக்கு எட்டற இடத்துல இருக்கட்டும்னு."

"கூடாதும்மா. மூடும்போது குளம் முழுசும் கண்ணுல படணும். உள்ள ஆள் இருக்கறது தெரியாம மூடிட்டா? இங்கேர்ந்து படிக்கட்டு தெரியுதா, நீங்களே பாருங்க."

பார்க்க வேண்டியதில்லை. தெரியாது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

மார்ச் 8, சனி

எழுதிவிட வேண்டும். பத்து மாதமாக இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

போன மே மாதம் தங்கச்சி குடும்பத்தோடு வந்திருந்தாள். அவளுக்குத் தலைவலி. "நீ போய்ப் படு, வாலுவ நான் பாத்துக்கறேன்" என்றேன். நான்தான் சொன்னேன். அவள் மகள் வாலுவுக்கு அப்போது இரண்டரை வயது. நிழலில் வாளியும் கரண்டியும் கொடுத்து உட்கார வைத்தேன். சமையலறையில் போன் அடித்தது. ஆபீசிலிருந்து. பேசினேன். திரும்பி வந்தபோது வாளி மட்டும் இருந்தது.

குழந்தை படிக்கட்டுக்குக் கீழே கிடந்தாள். எப்படிக் குதித்தேன், எப்படித் தூக்கினேன், ஒன்றும் நினைவில் இல்லை. இவர்தான் வாயில் ஊதி மூச்சை வர வைத்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டாள், ஒரு குறையும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டார், "குழந்தை யார்கிட்ட இருந்தா?" நான் சொன்னேன்: "எங்கூடத்தான் இருந்தா. எழுந்து அம்மாகிட்டப் போயிட்டான்னு நினைச்சேன்."

நினைக்கவே இல்லை. போனில் இருந்தேன். அப்புறம் போனை எடுத்துப் பார்த்தேன் — பேசியது ஆறு நிமிஷம்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "நீ தூங்கிட்டா இருந்தே?"

அன்று தொடங்கியது அந்த வீட்டில் இன்னும் நிற்கவில்லை. ஒருநாள் போனில் அழுதாள். "பெத்தவளுக்குத் தூக்கம் எப்படி வந்துச்சுன்னு கேக்கறார்க்கா." நான் என்ன சொன்னேன்? "விடு, போகப் போகச் சரியாயிடும்." என்ன வாய் இது!

மார்ச் 9, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கம்பி மாற்றியாயிற்று. சுவிட்ச் வெளிச்சுவருக்கு வந்துவிட்டது. ஃபிட்டர் மூடிக் காட்டினார். நான் நம்பவில்லை. முட்டி போட்டுக்கொண்டே நாலு பக்கமும் போனேன், ஒவ்வோர் அடிக்கும் விரலை வைத்து. எங்கும் போகவில்லை. கிழக்கு மூலையில் ஒரு விரல்கூட. நடுவில் பதினைந்து கிலோ மணல் மூட்டையைப் போட்டார். துணி கொஞ்சம் பள்ளம் வாங்கியது, தாங்கிக்கொண்டது. வாலு இப்போது அந்த எடைதான் இருப்பாள்.

"திருப்திதானே மேடம்?" என்று தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். போகிற போக்கில், "மூடி போட்டாச்சேன்னு உள்ள போய் உட்காந்துடாதீங்க" என்றார். எல்லாரிடமும் சொல்வதுதான் போலிருக்கிறது.

இன்றைக்கு நிம்மதி வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வரவில்லை. நான் சரி பார்க்க வேண்டியது இதை இல்லை.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

முதலில் இவரிடம்.  "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான். காரை எடுத்தார்.

தங்கச்சி வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் வாயே வராது என்று நின்றுகொண்டே சொன்னேன், அவருக்கும் அவளுக்கும் சேர்த்து. நல்லவேளை, வாலு பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவர் தலை நிமிரவே இல்லை. தங்கச்சி மெதுவாகக் கேட்டாள், "ஆறு நிமிஷமா?"

"ஆமா."

"போன்லயா?"

"ஆமா."

துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சின்னச் சட்டையை மடித்து முடித்தாள். "நீ போக்கா" என்றாள்.

மார்ச் 22, சனி

ஒன்பது நாள். போன் இல்லை. நானும் பண்ணவில்லை. பண்ணி என்ன கேட்பது?

மழை. மூடிமேல் நின்ற தண்ணீரைக் குட்டி பம்பு தானாகவே இறைத்து வெளியே விடுகிறது. ஜன்னலோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் டீ போட்டுக்கொண்டு வந்து தந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

தங்கச்சி வந்தாள், தனியாக. உள்ளே வரவில்லை. நேராகக் குளத்துக்குப் போனாள். அந்த நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அங்கே கால் வைக்கிறாள்.

மூடிக் காட்டினேன். வேறென்ன பேசுவது என்று தெரியவில்லை. குளம் கோணலாக இருந்தது, கம்பியை வெட்டியது, மணல் மூட்டை — உளறிக்கொண்டே போனேன்.

"இதெல்லாம் எதுக்கு எங்கிட்டச் சொல்றே?"

நிறுத்தினேன்.

"நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து அவரு எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. நேத்து வந்து பக்கத்துல உட்காந்தாரு. அழுதாரு." கொஞ்ச நேரம் துணியையே பார்த்தாள். "அந்த ஆறு நிமிஷத்த நான் அன்னைக்கே மன்னிச்சிருப்பேன்க்கா. உம்மேல சத்தியமா. யாருக்கும் வரலாம், எனக்கும் வரலாம். இந்தப் பத்து மாசத்த என்ன பண்றது?"

அவள் கேட்டை நோக்கி நடந்தாள். பின்னாலேயே போனேன். 

கேட்டருகே நின்று, திரும்பாமலே சொன்னாள். "பெரியம்மா வீட்டுக்குப் போகணும்னு ஒரே அடம் வாலு. அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வரேன். ஆனா அவள நான் பாத்துக்கறேன். நீ வேண்டாம்."

"சரி" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று பேரும் வந்தார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் இவரோடு கடைக்குக் கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும்.

வாலு வளர்ந்துவிட்டாள். என்னை அடையாளம் தெரிகிறது, கிட்ட வரக் கூச்சம். மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காய் நறுக்கினேன். வெளியே தண்ணீரை அடிக்கிற சத்தம், வாலுவின் கெக்கேபிக்கே, "மெதுவா, மெதுவா" என்று தங்கச்சி. எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறாள்.

மூன்று மணி இருக்கும். "அக்கா, இங்க கொஞ்சம் வா!"

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒன்றும் இல்லை. முதல் படியில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டாள்.

"பாத்ரூம் போயிட்டு வரேன். இவ எழுந்து வர மாட்டேங்கறா." ஒரு கணம் நின்றாள். "பாத்துக்கோ."

சேலையோடு படியில் இறங்கி உட்கார்ந்தேன். வாலு என் பக்கம் தண்ணீரை வாரி அடித்தாள். முகமெல்லாம் நனைந்தது. அவள் அம்மா திரும்பி வரும்வரை அவளையே பார்த்தபடி இருந்தேன், கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.