நைனா பேசிய ஒரே வசனம்

சித்தூர், ஞாயிற்றுக்கிழமை இரவு.

இன்றைக்கு நைனாவைப் பார்த்தேன். என் அப்பா, எனக்கு ஒன்றரை வயதிருக்கும்போது செத்துப்போனவர். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. பலமனேர் பக்கம் நடந்த ஒரு தமிழ்ப்பட ஷூட்டிங்கில் மாட்டுவண்டிக்காரராக வந்து ஒரே ஒரு வசனம் பேசியிருக்கிறார். அந்தப் படத்தை இரண்டு வருஷமாகத் தேடுகிறேன். பெங்களூரில் வேலை செய்யும் அண்ணன் இன்டர்நெட்டில் வாங்கி அனுப்பினான். பிரித்துப் பார்த்தால் அதே பெயரில் வந்த புதுப்படம். இன்று திருப்பதியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர், "தமிழ் லேதம்மா, தெலுங்கு டப்பிங்தான் கீது" என்றார். முகமாவது கிடைக்கட்டும் என்று அந்த டிவிடியை வாங்கிவந்தேன்.

அம்மாவும் நானும் போட்டுப் பார்த்தோம். நைனா வண்டியை நிறுத்திவிட்டு, யாருடையதோ ஒரு கனத்த குரலில் தெலுங்கு பேசினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சத்தத்த நிறுத்துடி. அது அவரு இல்ல."

சத்தமில்லாமல் மறுபடி போட்டேன். அவர் வாய் அசையும்போது, தமிழில் அவர் பேசிய வசனத்தை அம்மா மெதுவாகச் சொன்னாள். "வண்டி போவாது சாமி, தண்ணி ரோட்டு மேல போய்க்கினு இருக்குது."

"நைனா குரல் எப்பிடிம்மா இருக்கும்?"

"உன் குரல்தான். அதுலயே கொஞ்சம் கரகரன்னு இருக்கும்."

அம்மா தூங்கியதும் கொல்லைக்குப் போய் அந்த வசனத்தை நானே சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. தொண்டையை இறுக்கிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.