உன் ஓட்டுக்கு நான் காவல்

என் ஆசை மாப்ள,

எவனாலும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். சத்தியம். போன வாரத் தேர்தலில், விளாங்குடி வாக்குச்சாவடியில், ஆயிரம் கள்ள ஓட்டுக்காரர்களை ஒற்றை ஆளாக நின்று விரட்டியடித்தேன். என் கர்ஜனையில் வைகை இரண்டு நிமிடம் மேற்கே திரும்பி ஓடியது. நீ இருந்திருந்தால், "கொஞ்சம் குறைச்சுக்கடா மச்சான்" என்றிருப்பாய். குறைக்கச் சொல்ல இப்போது ஆளில்லை. கதை பெருத்துக்கொண்டே போகிறது.

எழுபத்தேழு ஞாபகம் இருக்கிறதா? நெருக்கடி நிலைக்குப் பிறகு ஜனங்கள் வாய் திறந்த முதல் தேர்தல். "பெரிய ஆளுக ஓட்டுப் போட்டா பேப்பர்ல படம் வரும். இவுக போட்டதுக்கு யாருடா சாட்சி?" என்று கேட்டுவிட்டு, கோரிப்பாளையம் ஸ்டுடியோவைப் பூட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டாய். சைக்கிள் மிதித்தது நான். அன்று நான் மிதித்த மிதிக்கு டில்லியே போயிருக்கலாம்.

சாவடிக்குச் சாவடி சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றாய். ஓட்டுப் போட்டு வந்தவர்களை மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லி எடுத்தாய். சட்டையில் பட்டுநூல் ஒட்டியிருந்த சௌராஷ்டிர நெசவாளர். முழங்கால் வரை சேறோடு வயலிலிருந்து நேரே வந்த சம்சாரி. முக்காட்டுக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிய ஓர் அம்மா: "மூஞ்சி வேணாம்ப்பா, வெரலை மட்டும் புடி."

நாலரை மணிக்குத்தான் உன் ஓட்டு உனக்கு ஞாபகம் வந்தது. நம் சாவடிக்கு ஓடினோம். அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு விழுந்துருச்சே" என்றார். எவனோ உன் பெயரைச் சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஊரார் விரலையெல்லாம் படம் பிடித்தவன் வெறும் விரலோடு திரும்பினாய். வழியெல்லாம் நான் அவிழ்த்துவிட்ட புளுகுகளில் ஒன்றுக்குக்கூட நீ சிரிக்கவில்லை. அன்று எடுத்த படங்களைச் சேர்த்த ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் உன் வெறும் விரலை நீயே படமெடுத்து ஒட்டினாய். கீழே ஒன்றும் எழுதவில்லை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. தங்கச்சி, உன் மகனோடு கே.கே. நகரில். இந்த வீட்டில் நான் ஒண்டி. அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சுகிறது. வாக்காளர் பட்டியலில் மட்டும் நம் வீடு இன்னும் நிறைந்து கிடக்கிறது: தங்கச்சி, நீ, உனக்கு அடுத்தாற்போல் நான். உன் பெயரைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம் வந்தது. அப்புறம்தான் பயம். இந்தத் தடவையும் எவனாவது போட்டுவிட்டால்?

குடைச் சின்னத்தில் ஒரு சுயேச்சை நின்றார். சொந்தப் பெண்டாட்டி ஓட்டே விழுமா என்ற சந்தேகத்தில் இருந்த மனுசன். நானே பூத் ஏஜெண்டாக இருக்கிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காலையில் போய்ப் பெஞ்சில் பேரரசன் மாதிரி அமர்ந்தவன்தான், டீக்குக்கூட எழவில்லை. உன் பெயர்மேல் விரலை வைத்தபடியே இருந்தேன். பக்கத்து ஏஜெண்ட், "அண்ணே, வெரலை எடுங்க, பேரு தேஞ்சுறப் போவுது" என்றான்.

மூன்று மணிக்கு ஒருத்தன் வந்து சீட்டை நீட்டினான். சலவைச் சட்டை. அலுவலர் உன் பெயரை உரக்க வாசித்தார். அடுத்தவர் வாயில் உன் பெயரைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு மாப்ள! ஒரு கணம் வாசலைப் பார்த்துவிட்டேன்.

எழுந்து நின்றேன். "அது என் தங்கச்சி வீட்டுக்காரரு. அவரு தவறிட்டாரு."

அவன் சீட்டை மடித்துக்கொண்டு போனான்.

பெட்டிக்கு சீல் வைக்கும் வரை உன் பெயரில் ஓட்டுப் போட்டாச்சு என்ற கோடு விழவில்லை. கிளம்பும்போது அலுவலர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். இதை நிரப்பிக் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள், உங்களுக்கும் காவல் வேலை மிச்சம் என்றார். ஆல்பத்தில், உன் வெறும் விரல் இருக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நிரப்புவதுதான் முறை. நிரப்பினால் பட்டியலிலும் நான் ஒண்டி. என்ன செய்யட்டும், சொல்லு?

உன் பெயர் அங்கே இருக்கும் வரை, ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் பெஞ்சில் நான் இருப்பேன். இது வாக்கு.

ஆயிரம் பேர் வரவில்லை. வைகையும் திரும்பவில்லை. மற்றதிலும் வழக்கம்போல் பாதியைத் தள்ளிவிடு. கர்ஜனையா? நான் சொன்னது அலுவலர் காதில் விழவே இல்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். நீ இல்லை என்று இந்த இரண்டு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அந்தச் சின்ன இடம் மட்டும் நிசம், மாப்ள.

பட்டியலில் உனக்கு அடுத்த பெயர்க்காரன்,
உன் மச்சான்