கிரேன் உச்சியில் ஒரு ஜெபம்

அன்பான அக்காவுக்கு, உயரத்தில் வேலை பார்க்கும் உன் தம்பி கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருந்து எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி? மச்சான் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு சின்னக் காற்று. பயப்படாதே. மேகத்தைத் தொடும் என் கிரேன் தொட்டிலைப் போல ஆடியது. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏணியில் இறங்குவதா, கூண்டுக்குள்ளேயே இருப்பதா என்று தெரியாமல் கண்ணை மூடி ஜெபித்தேன்.

"ஆண்டவரே, எனக்கு வாய்தான் பெருசு. கையும் காலும் உதறுது. இறங்கவா, இருக்கவா? நீரே ஒரு வழி சொல்லும்."

பயத்தில் வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறேன். கீழே நின்ற நாற்பது பேரும் கேட்டுவிட்டார்கள்! உடனே மேஸ்திரியின் குரல் வந்தது.

"ஆமென், அண்ணே. இறங்காதீங்க, காத்து தள்ளிவிட்டுரும். அங்கயே உக்காருங்க. நாங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்."

கர்த்தர் மேஸ்திரியின் தொண்டை வழியாகவும் பேசுவார் என்று அன்றுதான் கண்டேன். என் பயம் அப்போதே அடங்கிவிட்டது. காற்று அடங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

இப்போது தினமும் நான் மேலே ஏறியதும், "ஜெபம் பண்ணுங்கண்ணே, அப்புறம் வேலை" என்கிறார் மேஸ்திரி. உன் தம்பி நாற்பது பேருக்குப் போதகர் என்றே வைத்துக்கொள்.

பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று அனுப்பு. உள்ளே உன் கையெழுத்தில் ஏதாவது வை, காய்கறிச் சீட்டானாலும் சரி.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது, மாமா உதறியதையும் விடாமல் வாசி.

உன் தம்பி